திருகோணமலையில் பிள்ளைகளோடு சமையல் பழகப் போகிறவர்களுக்கு

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் இருக்கிற தெருக்களால் போனால், சமையல் வகுப்பு என்று எழுதிய பலகைகளைக் காணலாம். பத்துக் கறி, பன்னிரண்டு கறி என்று எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மூன்று பழகினால் போதும். ஆனால் அந்த மூன்றையும் தேங்காய் உடைப்பதிலிருந்து சட்டி இறக்குவது வரை உங்கள் கையாலும் பிள்ளைகளின் கையாலும் செய்ய வேண்டும்.

நாங்கள் முதல்முறை போனது பத்துக் கறி வகுப்புக்குத்தான். ஓகஸ்ட் விடுமுறை. நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், மாமி என்று ஐந்து பேர். போய்ச் சேர்ந்தபோது வெங்காயம் வெட்டி, உள்ளி உரித்து, எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரிசையாக இருந்தது. தேங்காய்ப்பாலும் பைக்கற்றில் வருகிற பால்மாவைக் கரைத்தது. ஒவ்வொருவரும் அகப்பையைப் பிடித்து ஒரு தடவை கிண்டினோம், படம் எடுத்தார்கள், அடுத்த சட்டிக்குப் போனோம். மூன்றாவது கறியோடு மகன் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டான். சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு பருப்புக் கறியைக்கூட அந்த ருசியில் வைக்க எங்களுக்கு வரவில்லை.

அடுத்த வருடம் நகரத்துக்குள்ளே ஒரு ஒழுங்கையில் இருந்த வீட்டுக்குப் போனோம். அறுபது வயது கடந்த ஒரு அம்மா. பிள்ளைகளிடம் “என்னை அம்மம்மா எண்டு கூப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார். இடியப்பம், சொதி, சம்பல். அவ்வளவுதான் பழகினோம். இன்றைக்கும் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுச் சொதி மகளுடைய பொறுப்பு.

எந்தக் காலம், எந்தக் கிழமை

சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். மீன் தாராளமாகக் கிடைக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனல்போல அடிக்கும், மதியத்தில் அடுப்படிக்குள் நிற்க முடியாது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் காலை 7 மணிக்கே தொடங்கும்படி கேளுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், சிறிய வள்ளங்கள் போகமாட்டா. அப்போது மரக்கறிச் சமையல் பழகுவதுதான் புத்தி.

கிழமையைக் கவனிக்காமல் நாள் குறித்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். சைவத் தமிழ் வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கமாட்டார்கள், சில வீடுகளில் செவ்வாயும் அப்படித்தான். கந்தசஷ்டி, நவராத்திரி, கோயில் திருவிழா நாள்களிலும் அடுப்படி சைவம். நண்டுக் கறி பழகும் ஆசையோடு வெள்ளிக்கிழமை போய் நின்றால் அந்த வீட்டு அம்மாவுக்குச் சங்கடம், உங்களுக்கும் ஏமாற்றம். முஸ்லிம் வீடுகளில் வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம், நோன்பு மாதத்தில் பகல் சமையலும் ருசிபார்ப்பும் நடக்காது. பூரணை நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும்.

இதை ஒரு வசதியாகவும் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சைவச் சமையல் பழகுங்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ப்பூப் போட்டு வதக்குகிற முருங்கையிலை வறை, பருப்பு. மச்சம் சமைக்கிற நாளென்றால் கோயிலை முதலில் முடித்துவிட்டு அடுப்படிக்குப் போங்கள். புரட்டாசிச் சனி விரதம் பிடிக்கிற வீட்டுக்குப் போகக் கிடைத்தால் இன்னும் நல்லது. காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. அந்தச் சோற்றை மதிலில் கொண்டுபோய் வைத்து “கா, கா” என்று கூப்பிடும் வேலையைச் சின்னப் பிள்ளைகளுக்கே கொடுப்பார்கள்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் வந்திறங்கிய அன்றைக்கே வகுப்பை வைக்காதீர்கள். நித்திரை முறிந்த பிள்ளையை அடுப்புக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் போய் உப்பிலும் வெயிலிலும் ஊறிவந்த நாளும் வேண்டாம்.

யாரிடம் பழகுவது

தங்குகிற விடுதியில் சமைக்கிற அக்காவிடம் முதலில் கேளுங்கள். விடுதி முதலாளியிடம் கேட்டால் வகுப்பு ஒழுங்கு செய்து தருவார். சமைக்கிறவரிடமே கேட்டால், “எங்கட வீட்டுக்கு வாங்கோவன்” என்று சொல்லக்கூடும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் என்றால் முதலாளிக்கும் தெரிந்து நடக்கட்டும், அவருடைய வேலைக்குக் கேடு வரக் கூடாது. ஓட்டோ ஓட்டுகிற தம்பிமார் பலருக்கும் தங்கள் அம்மாவோ பெரியம்மாவோ ஞாபகத்துக்கு வருவார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் வகுப்புக்கு முதல் நாளே போய் அந்த வீட்டு அம்மாவுடன் நேரில் கதைத்துவிட்டு வாருங்கள். அவருக்குப் பிள்ளைகளோடு பொறுமை இருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் மூன்று இனத்தவரும் வாழ்கிறார்கள், அடுப்படியும் மூன்று வகை. தமிழ் வீட்டில் சொதி, மீன் குழம்பு, பிட்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வட்டிலப்பம் பழகலாம். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து ஆவியில் அவிக்கிற இனிப்பு அது. பிள்ளைகளுக்கு முட்டை அடிக்கிற வேலை உண்டு, காரம் இல்லை. முன்பெல்லாம் கிண்ணியாவுக்குப் போக ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்த பிறகு நகரத்திலிருந்து பஸ்ஸிலோ ஓட்டோவிலோ நேரே போகலாம். சிங்கள வீடு கிடைத்தால் பாற்சோறும், மிளகாயும் உப்பும் இடித்த சம்பலான லுனுமிரிசும் கேளுங்கள். ஒரே பயணத்தில் மூன்றுக்கும் ஆசைப்பட வேண்டாம், அடுத்த வருடமும் வரத்தானே போகிறீர்கள்.

நாள் குறிக்கும்போதே பேசிவிட வேண்டியவை

காசு எவ்வளவு என்பதைத் தலைக்கணக்கில் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அரைவாசியா, சந்தைச் செலவு அதற்குள் அடங்குமா, வேடிக்கை பார்த்துச் சாப்பிட மட்டும் வருகிற தாத்தா பாட்டிக்கு என்ன கணக்கு என்பதெல்லாம் முன்பே தெளிவாக வேண்டும். பேசி முடித்த பிறகு குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு வீட்டுப் பெண் தன் அடுப்படியையும் அரை நாளையும் உங்களுக்குத் தருகிறார். நண்டும் இறாலும் விலை ஏறி இறங்குகிறவை, அவற்றுக்கு அன்றைய சந்தை விலையை நீங்களே கொடுப்பதுதான் நியாயம்.

“எதையும் வெட்டி வைக்காதீங்கோ, நாங்கள் வந்துதான் தொடங்க வேணும்” என்று கட்டாயம் சொல்லுங்கள். விருந்தாளிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அதிகாலையிலேயே எழும்பி எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். சொல்லாவிட்டால் பாதி வேலை முடிந்துதான் இருக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டு விஷயத்தை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஒன்று மாசி. சம்பலில், கீரை வறையில், பருப்பில்கூட மாசிக் கருவாட்டுத் துண்டு இடித்துப் போடுகிற வீடுகள் உண்டு. “சைவமா?” என்று கேட்டால் “ஓம், சம்பல்தானே” என்று பதில் வரலாம், “மாசி போடுவீங்களா?” என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். மற்றது கோதுமை. பிட்டும் இடியப்பமும் அரிசிமாப் பண்டங்கள் என்று நம்பிவிடாதீர்கள். அவித்த கோதுமை மாவைக் கலக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் தனி அரிசிமாவில்தான் செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சில சொற்கள். இங்கே பூண்டு என்றால் யாருக்கும் உடனே விளங்காது, உள்ளி என்று கேளுங்கள். புளி பழப்புளி, எலுமிச்சை தேசிக்காய், காய்ந்த மிளகாய் செத்தல் மிளகாய், சீரகம் நற்சீரகம், சோம்பு பெருஞ்சீரகம். மாவு என்பது மா. குடம்புளி வகையான கொறுக்காய்ப்புளியும், வாசனைக்குப் போடுகிற ரம்பை இலையும் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், இரண்டையும் கையில் வாங்கி மணந்து பாருங்கள். திருநெல்வேலிக்காரர்கள் சொதி என்றதும் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் சோற்றுக்கு வைக்கிற விருந்துக் குழம்பை நினைப்பார்கள். எங்கள் சொதி இடியப்பத்துக்கு விடுகிற தண்ணிப் பதமான பால்கறி, பெயர் மட்டும்தான் ஒன்று.

சந்தையும் கரைவலையும்

வகுப்பு எடுக்கிறவரோடு சந்தைக்குப் போக முடிந்தால் அதை விடாதீர்கள். வெளியூர் முகம் என்றால் விலை கூடத்தான் சொல்வார்கள், அவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மீனில் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அமத்தினால் சதை திரும்பி எழும்புவதாக இருக்க வேண்டும். குழம்புக்குப் பாரை அல்லது விளைமீன் கேளுங்கள். முள்ளுக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு அறக்குளா (வஞ்சிரம்) நல்லது, விலை கூட.

நண்டு வாங்குகிறீர்கள் என்றால் உயிரோடு, கால் கட்டியதாக, கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும். மகாவலி கங்கை கடலோடு சேர்வது இங்கே கொட்டியாரக்குடாவில்தான். ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற கழிமுகத்துச் சேற்றில் நண்டு நன்றாக வளரும். நிலவு காலத்து நண்டில் சதை இருக்காது என்று இங்கே சொல்வார்கள், பூரணையை அண்டிய நாள்களில் வாங்குவதானால் அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். கட்டை அவிழ்ப்பதும் நண்டு கழுவுவதும் பெரியவர்களின் வேலை, பிள்ளைகள் கிட்டப் போகக் கூடாது.

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் விடியற்காலையில் கரைவலை இழுப்பார்கள். கடல் அமைதியான மாதங்களில் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போங்கள். ஓரமாக நின்று, கேட்டு, “வாங்கோ தம்பி, பிடியுங்கோ” என்று கூப்பிட்டால் மட்டும் கயிற்றில் கை வைக்கலாம். தொழில் நடக்கிற இடம் அது. எங்கள் மகன் கயிறு பிடித்த அன்று வலையில் வந்த கீரி மீனை ஒரு சொப்பிங் பையில் வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் மீன் தொடாத பிள்ளை, தான் இழுத்த மீன் என்று நாலு பொரியல் சாப்பிட்டான்.

தேங்காய்

மூன்று பதார்த்தம் போதும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் தேங்காய்தான். எங்கள் சமையலில் பழக வேண்டிய வேலை பால் பிழிவதும், அந்தப் பாலை அடுப்பில் கையாள்வதும். அது கைக்கு வந்துவிட்டால் கத்தரிக்காய், கிழங்கு, பருப்பு, இறால் என்று எதை வைத்தாலும் சரிவரும். அது வராவிட்டால் பத்துக் கறியின் செய்முறையை எழுதிக்கொண்டு போயும் பயனில்லை.

தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். கண்கள் மூன்றும் காய்ந்து பூஞ்சணம் இல்லாமல் இருக்க வேண்டும். கத்தியின் முதுகால் நடுவில் சுற்றிச் சுற்றித் தட்டினால் இரண்டாகப் பிளக்கும், தண்ணீரைக் குடிக்கப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். பலகையில் உட்கார்ந்து துருவும் துருவலைதான் நல்லது. பாதியை இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்திலிருந்து மெதுவாகச் சுழற்றித் துருவ வேண்டும். வெள்ளை முடிந்து மண்ணிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அந்தத் தோல் விழுந்தால் சொதியின் நிறம் மங்கும். சம்பலுக்கு என்றால் பரவாயில்லை. துருவலையின் பல் பொல்லாதது, பத்து வயதுக்குக் கீழே யாரையும் அதில் இருத்தாதீர்கள்.

துருவிய தேங்காய்ப்பூவுக்குள் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் நசித்துப் பிசைந்து, வடியால் வடித்தெடுப்பது முதற்பால். பச்சைத் தண்ணீரைவிட இளஞ்சூட்டில் கொழுப்பு நன்றாக இறங்கும். அதே பூவில் ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால், இன்னொரு தடவை பிழிந்தால் மூன்றாவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துவிடலாம், முதற்பாலைத் தனியே வைக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு நல்ல தேங்காய் காணும், அதாவது போதும். பிழிகிற வேலை பிள்ளைகளுக்கு உயிர். எங்கள் மகன் இரண்டு கையையும் சட்டிக்குள் விட்டு அரை மணித்தியாலம் பிசைந்தான், யாரும் அவனை அங்கிருந்து எழுப்பவில்லை.

இனிச் சொதி. மண்சட்டியில் வெங்காயம், நடுவால் கீறிய பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. இவற்றோடு இரண்டாம் பாலை விட்டு வெங்காயம் நன்றாக அவியும்வரை கொதிக்க விடலாம், அது பயமில்லை. பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட வேண்டும். அந்த இடத்தில்தான் அம்மம்மா மகளைத் தனக்கு முன்னால் நிறுத்தி அகப்பையைக் கொடுத்தார்.

“பிள்ளை, கைய எடுக்காத. அள்ளி அள்ளி ஊத்து.”

மகள் அகப்பையால் பாலை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து சட்டிக்குள்ளேயே ஊற்றினாள். திரும்ப மொண்டாள். மூன்று நாலு தடவைக்குள் சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டத் தொடங்கியது. நான் இன்னும் கொதிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“காணும், காணும். இறக்கு. கொதிக்க விட்டா திரைஞ்சு போகும்.”

இறக்கிக் கீழே வைத்த பிறகும் மகளை ஆற்றச் சொன்னார். மண்சட்டி சூட்டை வைத்திருக்கும், அந்தச் சூட்டிலேயும் பால் திரையும். சற்று ஆறிய பிறகுதான் தேசிப்புளி. கொதிக்கக் கொதிக்கப் புளி விட்டால் பால் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடும். நான் வருடக்கணக்காகச் சொதி வைத்திருக்கிறேன், சில நாள் திரையும், சில நாள் நன்றாக வரும், ஏன் என்று தெரியாமலே இருந்தேன். அந்த ஓரத்து நுரையைக் காட்டித் தந்தது அவர்தான்.

காரம் தாங்காத சின்னப் பிள்ளை இருந்தால் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போடச் சொல்லுங்கள், கடைசியில் எடுத்துவிடலாம்.

இடியப்பமும் சம்பலும்

தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிறது, அரிசிக்குப் பெயர்போன பக்கம் அது. அந்தப் பக்கத்துச் சிவப்புப் பச்சரிசியை இடித்து வறுத்த மா கிடைத்தால் அதில் செய்யுங்கள், இடியப்பத்தின் மணமே வேறாக இருக்கும். மாவுக்கு உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். தண்ணீர் சூடு போதாவிட்டால் பிழியும்போது இழை அறும், தண்ணீரின் அளவு கூடிவிட்டால் இடியப்ப உரலில் ஒட்டிக்கொண்டு இறங்காது. கை பொறுக்கிற சூடு வந்ததும் குழைத்து, ஆறுவதற்கு முன் பிழிந்துவிட வேண்டும்.

உரலை அமத்துவதற்கு உடம்புப் பலம் வேண்டும். தகப்பனையும் பிள்ளையையும் சேர்த்து நிறுத்துங்கள். வெளியிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாகத் தட்டில் பிழிந்து, பத்து நிமிடம் வரை அவித்தால் தொட்டுப் பார்க்கும்போது விரலில் ஒட்டாது. முதல் நாலைந்து தட்டு கோணலாகத்தான் வரும். அவற்றைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வையுங்கள், தாங்கள் பிழிந்தது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

சம்பலுக்குச் செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பிறகு வெங்காயம், பிறகு தேங்காய்ப்பூ, கடைசியில் தேசிப்புளி. ஒழுங்கு மாறினால் மிளகாய் அரைபடாமல் தனித்தனியே நிற்கும். மிளகாய்க் கையோடு கண்ணைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மதியச் சமையல் பழகுகிறவர்கள் சோறு, மீன் குழம்பு, ஒரு வறை என்று மூன்றை எடுங்கள். மீன் போட்ட பிறகு அகப்பை விடக் கூடாது, சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து வட்டமாக அசைக்க வேண்டும். நண்டுக் கறிக்குக் கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கையிலை.

பிள்ளைகளுக்கு என்ன வேலை

ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை, அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை அதே பிள்ளை செய்ய வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கறிவேப்பிலையும் முருங்கையிலையும் உருவும். ஏழு, எட்டு வயதில் பால் பிழியலாம், மா அரிக்கலாம், தண்ணீரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயத்தை உரிக்கலாம். பத்துப் பன்னிரண்டில் பெரியவர் பக்கத்தில் நிற்க அடுப்புக்குப் போகலாம். விறகடுப்பு என்றால் தொங்குகிற சட்டை, அவிழ்ந்த தலைமயிர் இரண்டும் ஆபத்து. பருத்தி உடுப்புப் போட்டுத் தலைமயிரைக் கட்டி அனுப்புங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைக் கூட்டிவருகிற பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்று மணித்தியாலமும் நீங்கள் இடையில் நின்று மொழிபெயர்க்காதீர்கள். “இதைப் பிடி”, “இன்னும் கொஞ்சம்”, “காணும்” என்ற சொற்களுக்கு விளக்கம் தேவையில்லை, கையைப் பார்த்தாலே விளங்கும். தமிழ் சரியாக வராத பிள்ளை அன்றைக்கு ‘காணும்’ என்ற சொல்லையாவது கொண்டுபோகும்.

வீட்டு மரியாதை

செருப்பை வாசலில் கழற்றுங்கள். அடுப்படிக்குள் போகும்முன் கை கால் கழுவுங்கள். சாமி அறையும் அடுப்படியும் ஒட்டியிருக்கிற வீடு என்றால் படம் எடுப்பதற்குக் கேட்டுவிட்டு எடுங்கள், அந்த அம்மாவின் முகம் தெரிகிற படத்தை அவர் சம்மதமில்லாமல் எங்கும் போடாதீர்கள். போகும்போது பழமோ பிஸ்கற்றோ ஏதாவது கொண்டுபோங்கள், வெறுங்கையோடு போவது அழகில்லை. சாப்பிட்ட கோப்பையை நீங்களே எடுத்துக் கழுவப் போனால் விடமாட்டார், கையைப் பிடித்து இழுப்பார். சட்டிகளையாவது கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள். காசைக் கையில் எண்ணிக் கொடுக்காமல் ஒரு உறையில் போட்டு, வீட்டுப் பெரியவரிடம் இரண்டு கையாலும் கொடுப்பது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை

துருவலை, இடியப்ப உரல், தட்டுகள், அரிசி அளக்கிற சுண்டு. இவற்றை நகரத்துக் கடைகளில் வாங்கலாம். விமானத்தில் போகிறவர்கள் துருவலையைக் கைப்பையில் வைக்காதீர்கள். கறித்தூளை அந்த அம்மாவே வறுத்து இடித்துத் தந்தால் அதைவிடப் பெரிய பரிசு இல்லை, காற்றுப் புகாத இரண்டு பைகளில் போட்டுக் கட்டுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தூள், கருவாடு, மாசி எதுவானாலும் இறங்கியதும் உணவுப் பொருள் என்று அறிவித்துவிட வேண்டும், மறைத்தால் தண்டம் கட்ட வேண்டிவரும்.

செய்முறையை எழுதிக்கொள்வதுதான் கஷ்டமான வேலை. “எவ்வளவு உப்பம்மா?” என்று கேட்டால் “கண்ணால பாத்துப் போடுறதுதான் மகள்” என்றுதான் பதில் வரும். அதனால் அவர் அள்ளுகிற ஒவ்வொன்றையும் சட்டிக்குள் போடும்முன் ஒரு தேக்கரண்டியாலோ சுண்டாலோ அளந்துவிடுங்கள். முதல் தடவை பொறுத்துக்கொள்வார், பிறகு அவரே கரண்டியை நீட்டுவார். விடுதிக்குத் திரும்பிய அன்றிரவே, ஒவ்வொருவரும் தாங்கள் செய்த வேலையைத் தனித்தனியே எழுத வேண்டும். அடுத்த நாள் வரை வைத்தால் பாதி மறந்துபோகும்.

எங்கள் மகளின் கொப்பி இன்னமும் குசினித் தட்டில் இருக்கிறது. சொதி என்ற தலைப்புக்குக் கீழே அளவெல்லாம் எழுதி, கடைசி வரியில் கோடு கீறிவைத்திருக்கிறாள்: “ஓரத்தில் நுரை வந்தால் இறக்கு. இறக்கிய பிறகும் ஆற்று.”